வேலி போட்ட கடற்கரை

(வரதய்யபாளையத்தில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சம்பள உயர்வு, ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினை, குடும்ப அட்டை, பிள்ளைகளின் தமிழ்ப் பாடம் என்று பேசிப் பழகிய மேடை இது. இங்கே நின்று, தீவுகளின் கடற்கரை விடுதிகளில் விடுமுறை கழிப்பதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். "வாடகை கட்டவே முழி பிதுங்குகிறது, உல்லாசப் பயணம் ஒரு கேடா?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பதும் காதில் விழுகிறது. நியாயமான முணுமுணுப்புதான். ஆனாலும் இதைப் பேசியாக வேண்டும். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், இந்த விடுமுறை வியாபாரம் இப்போது நம் வாசலுக்கே வந்துவிட்டது. 2008இல் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை தொடங்கிய பிறகு சத்தியவேடு, வரதய்யபாளையம் வட்டாரங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் நம்மில் பலர். கார் செய்கிறோம், ரயில் பெட்டி செய்கிறோம், சாக்லேட் செய்கிறோம். இலக்கைத் தொட்ட விற்பனையாளருக்குப் பரிசாகவும், புதுமணத் தம்பதிகளுக்குத் தவணைக் கடனாகவும், "மூன்று இரவு, நான்கு பகல், சாப்பாடு, குடி, விளையாட்டு எல்லாம் அடக்கம்" என்ற விளம்பரம் கைப்பேசியில் வந்து விழுகிறது. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆவதில்லை. 2024ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகளில் நான்கு இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்தியர்களே. வேறு எந்த நாட்டிலிருந்தும் இத்தனை பேர் வரவில்லை. ஆக, விருந்தாளியின் இடத்தில் இன்று நாமும் நிற்கிறோம்.

இரண்டாவது காரணம், நமக்குக் கிழக்கே, தடாவைத் தாண்டினால் பழவேற்காடு ஏரி. அதற்குள் தமிழ் பேசும் மீனவர் வாழும் தீவு. இன்று வேறு தீவுகளில் நடந்தது நாளை அங்கே நடக்காது என்று எவரும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை.

ஓய்வு பாவமல்ல

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். உழைப்பவன் கடலைப் பார்க்கப் போவது ஆடம்பரம் என்றோ, குற்றம் என்றோ நாம் சொல்ல வரவில்லை. சம்பளத்துடன் கூடிய விடுமுறை என்பது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. 1936இல் பிரான்சு நாட்டில் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து, மக்கள் முன்னணி அரசாங்கத்திடம் இரண்டு வாரச் சம்பள விடுமுறையைப் பெற்றார்கள். அந்தக் கோடையில்தான் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுத் தொழிலாளிகள் வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைக் கண்டார்கள். நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பள விடுமுறை என்று வைத்தது. அந்த உரிமை ஒப்பந்தத் தொழிலாளியின் கைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்பது வேறு கதை. அதை நாம் பலமுறை பேசியிருக்கிறோம்.

எனவே ஓய்வு நம் உரிமை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உப்பலமடுகு அருவிக்குப் போவதும் உரிமை, பாசிக்குடாவில் கால் நனைப்பதும் உரிமை. நம் கேள்வி வேறு. நம்முடைய ஓய்வை நமக்கு விற்பவன் யார்? அவன் அதை எங்கிருந்து எடுத்து விற்கிறான்? அந்த இடத்தில் நேற்றுவரை நின்று உழைத்தவன் இன்று எங்கே போனான்?

'எல்லாம் அடக்கம்' என்ற வியாபாரம்

இந்த முறையின் பிறப்பைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1950இல் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர் ஸ்பெயின் நாட்டின் மயோர்க்கா தீவில், அல்கூடியா என்ற கடற்கரையில், கூடாரங்களை அடித்து 'கிளப் மெடிதெரானே' என்ற அமைப்பைத் தொடங்கினார். போரில் களைத்த ஐரோப்பாவின் சாதாரண மக்கள் குறைந்த செலவில் வெயிலும் கடலும் அனுபவிக்க வேண்டும், அங்கே ஏழை பணக்காரன் என்ற பேதம் தெரியக் கூடாது என்பது தொடக்கத்தில் சொல்லப்பட்ட நோக்கம். பிற்பாடு அங்கே பணத்துக்குப் பதிலாகக் கழுத்தில் மணிமாலை போட்டுக்கொண்டு, பானம் வேண்டுமானால் மணியைக் கழற்றிக் கொடுக்கும் முறையும் வந்தது. காசு கண்ணில் படாத சொர்க்கம்!

ஆனால் காசு கண்ணில் படவில்லையே தவிர, காசு இல்லாமல் போகவில்லை. அது ஊரிலேயே, புறப்படும் முன்பே, வாங்கப்பட்டுவிட்டது. கூடாரம் கட்டடமாயிற்று. கழகம் பெருங்கம்பெனியாயிற்று. 1981இல் ஜமைக்கா தீவின் மொன்டீகோ பே நகரில் புட்ச் ஸ்டுவர்ட் என்பவர் 'சாண்டல்ஸ்' விடுதியைத் திறந்தார். கரீபியன் தீவுகள் எங்கும் இந்த முறை பரவியது. அங்கிருந்து இந்துமாக்கடலுக்கும் வந்தது. மணிமாலை போய், இப்போது மணிக்கட்டில் ஒரு பட்டை. அதைக் காட்டினால் உள்ளே எல்லாம் உண்டு. பட்டை இல்லாதவனுக்குக் கேட்டுக்கு வெளியே இடம். ஆலை வாசலில் அடையாள அட்டையைக் காட்டி நுழையும் நமக்கு இந்த ஏற்பாடு புரியாததல்ல.

இந்த வியாபாரம் நடக்கும் விதத்தைச் சற்று விரித்துப் பார்ப்போம். பெரிய பயணக் கம்பெனி ஒன்று, சீசன் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே விடுதியின் அறைகளை மொத்தமாகப் பேசி வைத்துக்கொள்கிறது. மொத்தமாக எடுப்பதால் விலையை அடித்துக் கேட்கிறது. பயணி கொடுக்கும் தொகையில் விமானத்துக்கு ஒரு பங்கு, கம்பெனிக்கு ஒரு பங்கு, கமிஷனுக்கு ஒரு பங்கு போக, மீதிதான் தீவில் இருக்கும் விடுதிக்கு வருகிறது. அந்த மீதிக்குள் அது மூன்று வேளை விருந்தும் ஓயாத பானமும் கொடுத்தாக வேண்டும். எங்கே மிச்சம் பிடிப்பது? கொள்முதலில் மிச்சம் பிடிக்கிறது. ஊர்ச் சந்தையில் நூறு பேரிடம் வாங்காமல், தலைநகரத்தில் ஒரே ஒப்பந்தக்காரரிடம் வாங்குகிறது. அதற்குப் பிறகு சம்பளத்தில் மிச்சம் பிடிக்கிறது. சீசன் இருந்தால் ஆள், இல்லாவிட்டால் 'நாளை வர வேண்டாம்' என்ற சொல்.

பயணியின் பக்கமிருந்தும் பாருங்கள். உள்ளே சாப்பாட்டுக்கு முன்கூட்டியே பணம் கட்டியவன் வெளியே வந்து ஏன் சாப்பிடப் போகிறான்? அவன் கஞ்சனல்ல. கட்டிய காசுக்குச் சாப்பிட வேண்டும் என்று நினைப்பது மனித இயல்பு. அதனால் வாசலில் தேநீர்க் கடை வைத்தவருக்கும், ஆட்டோ ஓட்டுபவருக்கும், மீன் பொரித்து விற்கும் அம்மாவுக்கும் அந்த ஆயிரம் பேரும் வந்தும் வராதவர்களே. வளர்ந்த நாட்டிலிருந்து வரும் பயணி இத்தகைய சுற்றுலாவில் செலவழிக்கும் நூறு டாலரில் ஐந்து டாலர் அளவே ஏழை நாட்டின் பொருளாதாரத்தில் தங்குகிறது என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் சுட்டிக்காட்டியது. நாட்டுக்கு நாடு இந்தக் கணக்கு மாறும். ஆனால் ஒழுகும் பானையில் தண்ணீர் நிற்காது என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டியதில்லை.

பாசிக்குடாவைப் பாருங்கள்

நமக்கு மிக அருகில், நம் மொழி பேசும் மண்ணில் இது எப்படி நடந்தது? இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் பாசிக்குடா. பக்கத்தில் கல்குடா, வாழைச்சேனை. அலையடிக்காத, ஆழமில்லாத விரிகுடா. நெடுந்தூரம் உள்ளே நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர்தான். 1970களிலேயே அங்கே உல்லாச விடுதிகள் இருந்தன. 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட சூறாவளி, அதன் பிறகு நீண்ட யுத்தம், 2004 டிசம்பர் 26இல் கடற்கோள். ஒன்றின் மேல் ஒன்றாக அந்தக் கரை மூன்று முறை அழிந்தது.

கடற்கோளில் இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். அதன் பின் அரசாங்கம் ஓர் ஆணை போட்டது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீட்டருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டருக்குள்ளும் எவரும் வீடு கட்டக் கூடாது என்றது. உயிரைக் காக்க என்றால் யார் மறுப்பார்? ஆனால் உல்லாச விடுதிகளுக்கு விலக்குக் கிடைத்தது. ஒரே கடல், ஒரே அலை. மீனவன் குடிசைக்கு அது ஆபத்தாம், ஹோட்டல் அறைக்கு ஆபத்தில்லையாம்! இந்த முரண்பாட்டை அறுகம்குடாவின் மக்கள் அன்றே உரக்கக் கேட்டார்கள். எதிர்ப்பு வலுத்தபின் அந்த ஆண்டு முடிவதற்குள் தூரக் கணக்கைத் தளர்த்த வேண்டியதாயிற்று. ஆனால் அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் முகாம்களில் காத்துக் கிடந்துவிட்டன.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. பிறகு பாசிக்குடா அரசாங்கத்தின் உல்லாசப் பயண வலயமாக வளர்க்கப்பட்டது. 2011இலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய விடுதிகள் திறந்தன. பிறை வடிவ விரிகுடாவின் ஓரமாக, ஒன்றையொன்று தோள் உரசிக்கொண்டு அவை நிற்கின்றன. பின்பக்கம் சாலையும் காவல்காரனும், முன்பக்கம் புல்வெளியும் நீச்சல் குளமும் கடலும். ஊர்மக்கள் குளிப்பதற்கென்று ஒரு கோடியில் ஒதுக்கிய துண்டு இருக்கிறது.

கரைவலை இழுப்பதை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். கரைவலைக்குக் கடல் மட்டும் போதாது, கரை வேண்டும். தோணியில் வலையைச் சுற்றிப் போட்டுவிட்டு, இரு முனையிலும் ஆட்கள் நின்று மணலில் பின்னோக்கி நடந்து இழுக்க வேண்டும். தோணி நிறுத்த இடம் வேண்டும், வலை உலர்த்த இடம் வேண்டும், மீனைக் கொட்டிக் கூறு போட இடம் வேண்டும். மணலில் சாய்வு நாற்காலி போடுவதும், மீனவன் வலை இழுப்பதும் ஒரே இடத்தில் நடக்காது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த, ஆபத்துக்குள்ளான மக்களுக்கான சங்கம் 2015இல் வெளியிட்ட ஆய்வு பாசிக்குடாவையும், குச்சவெளி, கற்பிட்டி ஆகிய இடங்களையும் எடுத்துக்கொண்டு, மீனவர்கள் கடலுக்குப் போகும் வழியும் தோணி கட்டும் இடமும் சுருங்கிப் போனதை எழுதியது. இந்த மூன்று இடங்களிலும் தமிழ் ஒலிக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் அங்கே கடலை நம்பி வாழ்கிறார்கள்.

"விடுதி வந்தால் வேலை வருமே" என்பார்கள். வேலை வந்தது, பொய்யில்லை. சாலை வந்தது, மின்சாரம் வந்தது, தோட்டத்திலும் சமையலறையிலும் சிலருக்கு இடமும் கிடைத்தது. ஆனால் யுத்தத்தில் பள்ளிப் படிப்பை இழந்த தலைமுறை அது. ஆங்கிலமும் சிங்களமும் தெரிந்தவருக்கு வரவேற்பு மேசை, தெரியாதவருக்குத் துடைப்பம் என்று பங்கு பிரிந்தது. ஹோட்டல் வேலைக்குப் பெண்பிள்ளைகளை அனுப்பக் குடும்பங்கள் தயங்கின. அப்புறம் 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு வந்தது. மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்திலும் பிள்ளைகள் உட்படப் பலர் பலியானார்கள். அடுத்த ஆண்டு கொரோனா, 2022இல் பொருளாதாரச் சரிவு. விடுதிகள் வெறிச்சோடிய ஒவ்வொரு முறையும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் அன்றாடக் கூலிக்காரரே. கரை கையில் இருந்திருந்தால் அவர் வலைக்குத் திரும்பியிருக்கலாம். கரையும் போய், கூலியும் போய் நின்றார். இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

வடக்கில் இதற்கு இன்னொரு முகம். 1990இல் மக்கள் துரத்தப்பட்டு உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்ட வலிகாமம் வடக்கில், காங்கேசன்துறைக் கடலோரத்தில், 'தல்செவன' என்ற விடுமுறை விடுதியை நடத்தியது இராணுவம். வீட்டுக்காரர் முகாமில் கிடக்க, அவர் ஊர்க் கடலில் வேறொருவர் விருந்துண்டார். அங்கே அறை எடுத்தவர் அத்தனை பேரும் கெட்டவர்களல்ல. பெரும்பாலோருக்கு விவரம் தெரியாது. விவரம் தெரியாமல் வைத்திருப்பதில்தான் அந்த வேலியின் வெற்றி இருக்கிறது.

மற்றத் தீவுகள் சொல்லும் பாடம்

மொரிசியசுக்கு 1834 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் நம் முன்னோரும் உண்டு. அங்கே 1807இல் பிரெஞ்சு ஆளுநர் தெக்கேன் போட்ட ஆணைப்படி, கரையோரம் சுமார் 81 மீட்டர் அகலமுள்ள நிலப்பட்டை அரசின் பொதுச் சொத்து, விற்க முடியாதது. விற்க முடியாததைக் குத்தகைக்கு விடலாமல்லவா? நல்ல கரைகள் பலவும் பங்களாக்களுக்கும் ஹோட்டல்களுக்கும் குத்தகையாகப் போயின. சர்க்கரையில் சம்பாதித்த மூலதனமே ஹோட்டலிலும் இறங்கியது. கரும்பு வெட்டியவரின் பேரப்பிள்ளை இன்று படுக்கை விரிக்கிறார். அவர்களும் சும்மா இருக்கவில்லை. 'அரெத் கொக்கேன் நு லாப்லாஸ்', அதாவது 'எங்கள் கடற்கரையைத் திருடாதே' என்று கிரியோல் மொழியில் பெயர் வைத்த மக்கள் இயக்கம், தெற்கே பொம்பொனெத் கரையைக் காக்கப் போராடியது.

ஆப்பிரிக்காவின் காம்பியா ஒரு சிறிய நாடு. அதன் அரசாங்கம் 1999இல் துணிந்து, 'எல்லாம் அடங்கிய' முறையையே தடை செய்தது. வெளியே கடை வைத்திருந்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் ஓராண்டுக்குச் சற்று மேல்தான் தாக்குப்பிடித்தது. பயணக் கம்பெனிகள் நெருக்கின, போட்டி நாடுகள் இருந்தன, தடை நீங்கியது. தனியாக நிற்கும் சிறிய நாட்டைப் பெரிய கம்பெனி வளைத்துவிடும். கீழே அமைப்பாகத் திரண்ட மக்கள் இல்லாமல் மேலே போடப்படும் ஆணை நிலைக்காது என்பதற்கு இது சாட்சி.

மாலைதீவில் வேறு விதம். 1972இல் முதல் விடுதியான குரும்பா திறந்தது. ஆளில்லாத் தீவு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடுதிக்கு என்று கொடுத்தார்கள். பயணி ஒரு தீவில், குடிமகன் இன்னொரு தீவில், இடையே கடலே வேலி. ஏறத்தாழ 2009க்குப் பிறகு, மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்தலாம் என்று கதவு திறந்தது. மாபுஷி போன்ற தீவுகளில் சாதாரணக் குடும்பங்கள் வீட்டு மாடியில் நான்கு அறை கட்டி விருந்தினரை ஏற்றன. அதிலும் குறைகள் இல்லாமலில்லை. குப்பை பெருகியது, இட வாடகை உயர்ந்தது. ஆயினும் பயணியின் காசு ஊருக்குள் நடந்து போகும் வழி ஒன்று பிறந்தது.

நெடியதுருத்தில் மீனவர் வென்ற கதை

"பெரிய முதலாளியை எதிர்த்து மீனவன் என்ன செய்துவிட முடியும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் கேரளத்தில் இருக்கிறது. ஆலப்புழை மாவட்டம், வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்து என்றொரு தீவு. அங்கே காப்பிக்கோ என்ற கம்பெனி 54 தனி வீடுகள் கொண்ட ஆடம்பர விடுதியை எழுப்பியது. கட்டடம் எழும்பியபோது அங்கே ஊன்றுவலை கட்டிப் பிழைத்த மீனவர்களின் வலைகளும் இடமும் போயின. அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2013இல் கேரள உயர்நீதிமன்றம் கட்டடத்தை இடிக்கச் சொன்னது. கம்பெனி உச்சநீதிமன்றம் போனது. 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2022 செப்டம்பரில் இடிப்புத் தொடங்கியது. ஒரு நாள்கூட விருந்தினர் வந்து தங்கிக் களிக்காத மாளிகை, ஓடு ஓடாகக் கழற்றப்பட்டது.

இதற்கு முன்பே, 1996 டிசம்பரில், இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையை வளைத்த விடுதி வழக்கில், உச்சநீதிமன்றம் ஒரு கொள்கையை உறுதியாகச் சொன்னது. ஆறு, கடற்கரை, காடு, காற்று இவையெல்லாம் மக்களின் பொதுச் சொத்து. அரசாங்கம் அவற்றுக்கு உடைமையாளர் அல்ல, அறங்காவலர் மட்டுமே. தருமகர்த்தா கோயில் நிலத்தைத் தன் மைத்துனனுக்கு எழுதிக் கொடுக்க முடியுமா? அதே நியாயம்தான் இங்கேயும்.

நம் வாசலில் பழவேற்காடு

இனி நம் இடத்துக்கு வருவோம். 1960 ஏப்ரல் 1இல் எல்லைக் கோடு மாறியபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேட்டுப் பகுதி இந்தப் பக்கம் வந்தது. ஏரி மட்டும் கோட்டைப் பார்க்கவில்லை. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும் பகுதி ஆந்திரத்திலும், தெற்கு முனை தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிக்கோட்டா. 1969இல் ராக்கெட் தளத்துக்காக அந்தத் தீவு தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அங்கே வாழ்ந்த யானாதிகள் உட்படப் பலர் இடம் பெயர நேர்ந்தது. அது நாட்டின் தேவை என்று சொல்லப்பட்டது. நீச்சல் குளத்தை நாட்டின் தேவை என்று எவரும் சொல்ல முடியாது.

ஏரிக்குள் இரக்கம் தீவு. தமிழ் பேசும் மீனவக் குடும்பங்கள். போக வரப் படகுதான். செங்கால் நாரையும் பூநாரையும் வரும் பறவைச் சரணாலயம் என்பதால் இன்று சில பாதுகாப்புகள் உண்டு. ஆனால் சட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்று பாருங்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் முதலில் வந்தது. ஊர்ப்புறக் கரைகளில் 200 மீட்டர் தூரத்துக்குப் புதுக் கட்டடம் கூடாது என்று இருந்தது. 2019 ஜனவரியில் வெளியான புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கமான ஊர்ப்புறக் கரைகளுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது. கரைக்கு அருகிலுள்ள தீவுகளுக்கும் உப்பங்கழித் தீவுகளுக்கும் 20 மீட்டர்! இருபது மீட்டர் என்பது நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த மண்டபத்தின் நீளம். அந்த விலக்கு தீவில் வாழ்பவனின் வீட்டுக்காக என்று சொல்லப்பட்டது. அந்த வழியே யார் நுழைவார்கள் என்பதைக் காவல் இருந்து பார்ப்பது நம் கடமை.

இந்த ஏரியின் தெற்குப் பகுதி மீனவக் கிராமங்களில் 'பாடு' என்ற முறை தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே சொந்தமாகிவிடக் கூடாது, மீன் அதிகம் கிடைக்கும் இடம் எல்லோர் கைக்கும் சுற்றி வர வேண்டும் என்பது அதன் நியாயம். பள்ளிக்கூடம் பார்க்காத மனிதர்கள் வகுத்த இந்த ஏற்பாட்டைவிடச் சிறந்த பொதுவுடைமைப் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? நல்ல இடத்தை நாற்பது ஆண்டுக் குத்தகைக்கு ஒருவனுக்கே வளைத்துக் கொடுப்பதுதான் முன்னேற்றமென்றால், அந்த முன்னேற்றத்துக்குப் பாடு போடத் தெரியவில்லை என்றே சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

சங்கம் என்ற முறையில் நாம் வைக்கும் கோரிக்கைகள் எளிமையானவை. ஏரியிலோ கடலோரத்திலோ எந்த உல்லாசப் பயணத் திட்டம் வந்தாலும், அதன் வரைபடத்தையும் விவரத்தையும் தெலுங்கிலும் தமிழிலும் அச்சிட்டு ஊர்ச்சபையில் வைக்க வேண்டும். தோணித் துறை, வலை உலர்த்தும் மேடு, மீன் காயப்போடும் களம், கடலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஆகிய எல்லாவற்றையும் கடலோர மேலாண்மை வரைபடத்தில் பதிய வேண்டும். மீனவரின் பொது இடங்களைக் குறித்துக் காட்ட வேண்டுமென்று 2019 அறிவிக்கையே சொல்கிறது. வரைபடத்தில் இல்லாத பாதையை நீதிமன்றத்தில் காட்ட முடியாது. படகுச் சவாரியும் சாப்பாட்டுக் கடையும் உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கங்களுக்கே முதலில் தரப்பட வேண்டும். விடுதி வந்தால், வேலை நேரடி நியமனமாக, ஆண்டு முழுதுக்குமான சம்பளத்தோடு இருக்க வேண்டும்.

இதில் நாம் தனியாக நிற்கக் கூடாது. இது தமிழருக்கு மட்டுமான பிரச்சினை அல்ல. ஏரியில் தெலுங்கு பேசும் மீனவரும் யானாதிகளும் நம் பக்கத்தில் தோணி கட்டுகிறார்கள். தமிழ்ச் சங்கம் என்ற பெயரில் தனிக் கொடி பிடித்து அவர்களை அந்நியப்படுத்தினால், வேலி போட வருபவனுக்கு அதைவிட வசதி வேறில்லை.

அப்படியானால் பயணம்? போங்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். இந்தக் கரைக்கு ஊர்மக்கள் வர முடிகிறதா? இங்கே வேலை செய்பவர்களில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர், எந்த வேலையில்? மீனும் காய்கறியும் எங்கிருந்து வாங்குகிறார்கள்? இந்த நிலம் யாருடையதாக இருந்தது? பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்கு நம் வியர்வைக் காசு போக வேண்டியதில்லை. அறுகம்குடாவில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நடத்தும் சிறிய தங்குமிடங்கள் இருக்கின்றன. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் குடும்பங்கள் நடத்தும் இல்லங்கள் இருக்கின்றன. அங்கே தங்கி, ஊர்க் கடையில் சாப்பிட்டு, ஊர்ப் படகில் ஏறினால், அறை சற்றுச் சிறியதாக இருக்கலாம், ஏசி அடிக்கடி நின்றுபோகலாம். ஆனால் காலையில் கரைவலை இழுப்பவர்களோடு நம் மொழியில் இரண்டு வார்த்தை பேசலாம். ஒரு கை பிடித்து வலை இழுக்கவும் செய்யலாம். அவர்கள் நம்மை விருந்தாளியாக நடத்துவார்கள், வாடிக்கையாளராக அல்ல.

ஒரு யோசனை. நம் சங்கமே ஆண்டுக்கொருமுறை, உறுப்பினர்கள் மாதாமாதம் சிறு தொகை சேர்த்து, குடும்பத்தோடு கூட்டுப் பயணம் போக ஏற்பாடு செய்யலாம். முதல் பயணம் வெகுதூரம் போக வேண்டாம். இரக்கம் தீவுக்கே போகலாம். அங்கே யார் இருக்கிறார்கள், எப்படிப் பிழைக்கிறார்கள், படகுத் துறைக்கு என்ன குறை என்று நேரில் கேட்டு வரலாம். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

கடல் எவனும் வெட்டிய குளமல்ல. கரை எவனும் போட்ட திண்ணையல்ல. அதன் மேல் வேலி விழுந்த பிறகு போராடுவது கடினம். நெடியதுருத்தில் தீர்ப்பு வந்து கட்டடம் இடியத் தொடங்கவே ஒன்பது ஆண்டுகள் ஆயின. விழுவதற்கு முன் விழித்திருப்பது அதைவிட எளிது. அந்த விழிப்பு இந்த வரதய்யபாளையத்திலிருந்து தொடங்கட்டும்.